மருந்துத் தேன்: எந்தப் பாட்டிலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஆர்கானிக் கடையில் சாதாரணத் தேன் கிலோ நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதே தட்டில் கொசுத்தேன் அதைப்போல நாலைந்து மடங்கு விலையில் இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவுக்குள், நியூசிலாந்து மானுக்கா தேன் 250 கிராம் டப்பா சில ஆயிரம் ரூபாய். விலை கூடினால் மருந்துக் குணமும் கூடும் என்றுதான் வாங்குகிறவர்கள் பலரும் நினைக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடுவதற்கு என்றால், கலப்படமில்லாத சாதாரணத் தேன் போதும். அதற்கு மேல் 'மருந்து' என்ற பேருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. ருசி பிடித்துப்போய்க் கொடுத்தால் அது அவரவர் விருப்பம். புண்ணுக்குப் போடுவதற்கு என்றால் நேர் எதிர்: அங்கே சமையலறைத் தேனைத் தொடவே கூடாது, விலை கூடிய மருத்துவத் தரத் தேன்தான் வேண்டும், அதுவும் டாக்டர் சொன்னால்.

இனி காரணங்கள். நூறு கிராம் தேனில் ஏறத்தாழ 38 கிராம் ஃபிரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ், 17 முதல் 20 கிராம் தண்ணீர். மால்டோஸ் முதலான இதர சர்க்கரைகளையும் சேர்த்தால் எண்பது கிராம் சர்க்கரைக் கணக்கிலேயே போய்விடுகிறது. நொதிகள், அமிலங்கள், தாதுக்கள், பூவிலிருந்து வரும் பாலிஃபீனால்கள் எல்லாம் மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்குள் அடக்கம். லேபிளில் 'இரும்புச்சத்து நிறைந்தது' என்று போடுகிறார்களே, நூறு கிராம் தேனில் இரும்பு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. இந்தியப் பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்). ரத்தசோகைக்கென்று தேன் வாங்குகிறவர் அந்தக் காசுக்குக் கீரையும் பயறும் வாங்கலாம்.

தேனுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் இருப்பது உண்மைதான். மூன்று வழியில் அது நடக்கிறது. ஒன்று, அடர்த்தி: சர்க்கரை அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கிருமியின் உடலிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிவிடும். இரண்டு, புளிப்பு: தேனின் பிஹெச் பெரும்பாலும் 3.2-க்கும் 4.5-க்கும் நடுவே. மூன்றாவதுதான் சுவாரசியமானது. தேனீ தன் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறது. கெட்டியான தேனில் அது சும்மா கிடக்கும். கொஞ்சம் தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக உண்டாக்கும். இந்த நொதி சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காது. ஆக, வெயில் படும் கடை வாசலில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலில் மூன்றாவது குணம் அவ்வளவாக மிச்சமிருக்காது.

இந்த மூன்றுமே தேன் நேராகப் போய்ப் பட்டு, அங்கேயே தங்கியிருந்தால்தான் நடக்கும். தொண்டையில் சில நிமிடம் தங்கும், புண்ணில் மணிக்கணக்கில் தங்கும். வயிற்றுக்குள் போனபின் சர்க்கரை சர்க்கரையாகச் செரித்துவிடும்.

மானுக்கா: எண்ணுக்குப் பின்னால் என்ன

மானுக்கா என்பது நியூசிலாந்திலும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் வளரும் ஒரு புதர்ச்செடி. அதன் பூந்தேனில் டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற பொருள் இருக்கிறது. தேன் முதிர முதிர அது மெதில்கிளையாக்சல், சுருக்கமாக எம்ஜிஓ ஆக மாறுகிறது. மற்றத் தேன்களில் பெராக்சைடு போய்விட்டால் கிருமிநாசினிக் குணமும் பெரும்பாலும் போய்விடும். மானுக்காவில் பெராக்சைடை நீக்கிய பின்னும் குணம் நிற்கிறது. இதை 1980-களில் கண்டறிந்தவர் நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்துப் பீட்டர் மோலன். காரணம் எம்ஜிஓதான் என்று பின்னால் உறுதிசெய்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹென்லேயின் குழு.

டப்பாவில் இரண்டு வித எண்கள் வரும். எம்ஜிஓ எண் என்பது ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் எம்ஜிஓ என்ற நேரடிக் கணக்கு. யுஎம்எஃப் (யுனிக் மானுக்கா ஃபேக்டர்) எண், ஆய்வகத் தட்டில் எத்தனை சதவீத ஃபீனால் என்ற கிருமிநாசினிக் கரைசலுக்குச் சமமாகக் கிருமியைத் தடுக்கிறது என்பதிலிருந்து பிறந்தது. யுஎம்எஃப் 5+ என்றால் எம்ஜிஓ சுமார் 83. 10+ என்றால் சுமார் 263. 15+ என்றால் சுமார் 514. 20+ என்றால் சுமார் 829. எண் ஏற ஏற விலை எகிறும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம். யுஎம்எஃப் 10+ தேனில் அந்த 7 கிராமுக்குள் எம்ஜிஓ 1.8 மில்லிகிராம். அதை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீரில் கலக்கினால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை ஆய்வகத்தில் வளரவிடாமல் நிறுத்த லிட்டருக்கு 80 மில்லிகிராம் அளவில் வேண்டும். தேவையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் வருகிறது. சரி, 20+ டப்பாவே வாங்கிக் கலக்கினாலும் தேவையில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். அதுவும் டம்ளருக்குள் இருக்கும்வரைதான்; வயிற்றுக்குள் போனால் எம்ஜிஓ செரிமானத்தின்போதே வேகமாகச் சிதைந்துவிடுகிறது என்று காட்டியதும் அதே ஹென்லே குழுதான். அல்சரோடு தொடர்புடைய ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கு மானுக்காவைத் தினம் நான்கு டேபிள்ஸ்பூன் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு 1999-இல் வெளியானது. ஒருவருக்கும் கிருமி போகவில்லை.

இதெல்லாம் போக, போலி வேறு. விலை உயர்ந்த பொருளுக்கு வரும் வியாதி இதற்கும் வந்திருக்கிறது. நியூசிலாந்து அரசு 2018 பிப்ரவரியில் ஏற்றுமதித் தேனுக்கு விதி கொண்டுவந்தது: நான்கு வேதிப்பொருள் அடையாளங்களும் மானுக்கா மகரந்தத்தின் டிஎன்ஏ அடையாளமும் இருந்தால்தான் 'மானுக்கா' என்று பெயர் போடலாம். அந்த அடையாளங்களில் எம்ஜிஓ கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். எம்ஜிஓவை வெளியிலிருந்து வாங்கிக் கலந்துவிடலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். தேனில் செயற்கைப் பொருள் சேர்த்ததற்காக 2019-இல் அந்த நாட்டிலேயே ஒரு நிறுவனத்துக்குப் பெரிய அபராதம் விழுந்தது. இத்தனைக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவர் யுஎம்எஃப் சின்னம், உரிம எண், 'மோனோஃப்ளோரல்' (ஒற்றைப் பூத்தேன்) என்ற சொல், நியூசிலாந்திலேயே பாட்டிலில் அடைத்தது என்ற குறிப்பு நான்கையும் பார்க்கட்டும். 'ஆக்டிவ் 15+', 'பயோ ஆக்டிவ்', 'டோட்டல் ஆக்டிவிட்டி' என்று மட்டும் இருந்தால் அது சாதாரணப் பெராக்சைடு குணத்தையும் சேர்த்து ஊதிய எண்ணாக இருக்கலாம். அதற்கு மானுக்கா விலை கொடுப்பது வீண்.

புண்ணுக்கு மட்டும் வேறு கணக்கு

மருந்துத் தேன் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள இடம் இது ஒன்றுதான். தீக்காயம், அறுவைசிகிச்சைக்குப் பின் சீழ் பிடித்த காயம் இரண்டிலும் தேன் பயனுள்ளது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2015-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, தோலின் மேலடுக்குகளோடு நின்ற தீக்காயங்கள் வழக்கமான கட்டைவிடத் தேன் கட்டில் நாலைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்றது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வரும் நாள்பட்ட புண்ணுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. மற்ற வகைப் புண்களுக்கு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை.

ஆனால் அங்கே பயன்படுவது மருத்துவத் தரத் தேன். அதைக் காமா கதிரால் கிருமி நீக்கியிருப்பார்கள். சூடுபடுத்தி நீக்கினால் நொதி செத்துவிடும் என்பதால் இந்த வழி. டியூபாகவோ, தேனில் ஊறிய துணிக்கட்டாகவோ வரும். அமெரிக்காவில் இப்படியொரு மானுக்கா கட்டுக்கு 2007-இலேயே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. நெதர்லாந்தில் கண்ணாடிக் குடிலுக்குள் தேனீ வளர்த்து எடுக்கும் ஒரு மருத்துவத் தேனில் எம்ஜிஓ மிகக் குறைவு. முக்கியமாகப் பெராக்சைடும் தேனீயின் ஒரு புரதமும் சேர்ந்து வேலை செய்கின்றன. மருத்துவத் தேன் என்றால் மானுக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கடையில் வாங்கிய தேனில், அது எவ்வளவு சுத்தமானாலும், குளோஸ்ட்ரிடியம் போன்ற கிருமிகளின் வித்துகள் இருக்கலாம். மெழுகுத் தூள், மகரந்தம், தேனீயின் கால் துண்டு என்று என்னென்னவோ இருக்கும். ஒரு வயது தாண்டியவர்கள் தின்றால் பாதகமில்லை, திறந்த புண்ணில் பாதகம். சர்க்கரை நோயாளிகள் காலில் வந்த புண்ணுக்கு வீட்டுத் தேனைத் தடவி நாளைக் கடத்துவதுதான் இதில் மிக ஆபத்தானது. அந்தப் புண் மேலே சின்னதாகத் தெரியும், உள்ளே எலும்புவரை போயிருக்கும். தீப்பட்ட உடனேயும் தேன் வேண்டாம். முதலில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவது, பிறகு ஆஸ்பத்திரி. மருத்துவத் தேன் போட்டால் முதல் சில நிமிடம் சுருக்கென்று எரியும். புளிப்பால் வருவது அது. எரிச்சல் அடங்காமல் போனால் கட்டைப் பிரித்துவிட வேண்டும்.

இருமலுக்கு எந்தத் தேன்?

சாப்பிடும் தேனுக்கு ஆதாரம் உள்ள ஒரே நல்ல பயன் இருமல். சளி பிடித்து ராத்திரி தூங்கவிடாமல் வரும் இருமல். 2007-இல் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் கொடுத்த அளவு இது: 2 முதல் 5 வயதுக்கு அரை டீஸ்பூன், 6 முதல் 11 வரை ஒரு டீஸ்பூன், 12-க்கு மேல் இரண்டு டீஸ்பூன், படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரே வேளை. ஒன்றும் கொடுக்காத குழந்தைகளைவிடத் தேன் குடித்தவர்களுக்கு இருமல் குறைந்தது, தூக்கமும் வந்தது.

நம் கேள்விக்கு நேரான பதில் 2012-இல் இஸ்ரேலில் நடந்த ஆய்வில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 300 பேர். ஒரு கூட்டத்துக்கு யூகலிப்டஸ் தேன், ஒன்றுக்கு ஆரஞ்சு வகைப் பூந்தேன், ஒன்றுக்குத் துளசிக் குடும்பச் செடிகளின் தேன், நான்காவது கூட்டத்துக்குத் தேன்போலவே இருக்கும் பேரீச்சம்பழப் பாகு. ஒவ்வொன்றும் 10 கிராம். மூன்று தேனும் பாகைவிட நன்றாக வேலை செய்தன. மூன்றுக்கும் நடுவே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பாகு குடித்த பிள்ளைகளுக்கும் கொஞ்சம் குறையத்தான் செய்தது. இனிப்பும் வழவழப்பும் உமிழ்நீரைச் சுரக்கவைத்துத் தொண்டையைப் பூசுவதிலேயே பாதி வேலை நடந்துவிடுகிறது போலும். எந்தப் பூ, எந்த மலை என்பதற்கு இங்கே விலை கிடையாது.

இருமலுக்குத் தேனைத் தண்ணீரில் கரைக்காமல் கெட்டியாக நக்கிச் சாப்பிடுவது நல்லது. கரைத்துக் குடித்தால் மடக்கென்று இறங்கிவிடும், தொண்டையில் தங்காது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் இந்த வழிதான். சித்த மருத்துவத்தில் அங்கே தேனுக்கு அனுபானம் என்று பெயர், துணைப்பொருள். மருந்து சூரணம், அதை நாக்கில் நிறுத்தி, காரத்தைத் தணித்து, உள்ளே அனுப்புவது தேன். சூரணத்தை விட்டுவிட்டுத் துணையை மட்டும் ஆயிரக்கணக்கில் வாங்குவது விநோதமாக இருக்கிறது.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், ரத்தம், மூச்சிரைப்பு, விடாத காய்ச்சல் இருந்தால் தேனோடு மெனக்கெடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கொசுத்தேன், துளசித் தேன், நாவல் தேன்

கொசுத்தேன் நம் ஊர் மானுக்கா. கொடுக்கில்லாத சின்னத் தேனீ, சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் கூடு கட்டும். அதன் விலைக்குக் காரணம் விளைச்சல்: அடுக்குத் தேனீப் பெட்டியில் கிலோக் கணக்கில் எடுக்கும்போது, ஒரு கொசுத்தேனீக் கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே நல்ல மகசூல். அரிது என்பதால் விலை. அந்த விலையை வைத்து மருந்து என்கிறார்கள்.

இந்தத் தேனீ தட்டையாக அறை கட்டாது. மெழுகும் பிசினும் கலந்து சின்னச் சின்னக் குடங்களாகக் கட்டித் தேனை அதில் நிரப்பும். மகரந்தக் குடங்கள் தனி, முட்டைக் கொத்து தனி, ஆனால் எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும். அவசரக்காரர்கள் மொத்தத்தையும் பிய்த்துத் துணியில் போட்டுப் பிழிவார்கள். மகரந்தமும் புழுச்சாறும் பிசினும் சேர்ந்து இறங்கும், நாலு வாரத்தில் பொங்கும். பொறுமையாக எடுப்பவர்கள் தேன் குடங்களை மட்டும் பிரித்து, முள்ளால் குத்தி, சாய்த்து வைத்துத் தானாக வடியவிடுவார்கள். 'பிழிந்ததா, வடித்ததா' என்று விற்பவரிடம் கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். இந்தத் தேனில் ஈரம் இயல்பாகவே 25 சதவீதத்துக்கு மேல் போகும், புளிப்பாகவும் நீர்த்தும் இருக்கும். கெட்டியாக, இனிப்பாக மட்டும் ஒரு பாட்டில் 'கொசுத்தேன்' என்று வந்தால் அது வேறு தேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உண்மையான கொசுத்தேனை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஒரு விஷயம் அதற்குச் சாதகமாகச் சொல்லலாம். 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாட்டுக் கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனில் டிரெஹலுலோஸ் என்ற சர்க்கரை ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். மெதுவாகச் செரிக்கும், பல்லுக்கும் கெடுதல் குறைவு. அதற்காகச் சர்க்கரை நோயாளி தாராளமாகச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. மற்ற சர்க்கரைகளும் அதே குடத்தில்தான் இருக்கின்றன.

துளசித் தேன், வேம்புத் தேன், முருங்கைத் தேன், நாவல் தேன் என்று செடிப்பேரில் வருபவை இன்னொரு ரகம். தேனீ எடுப்பது பூவிலுள்ள இனிப்பு நீரை. துளசி இலையின் வாசனை எண்ணெயோ, நாவல் கொட்டையின் பொருளோ அந்த நீரில் வராது. சர்க்கரைக்கு நாவல் கொட்டை நல்லது என்று கேள்விப்பட்டவர் நாவல் தேனை வாங்கினால், வாங்கியது சர்க்கரையை. ஒற்றைப் பூத்தேன் என்று சொல்லப் பொதுவாக அந்தச் செடியின் மகரந்தம் 45 சதவீதத்துக்கு மேல் வேண்டும்; மகரந்த ஆய்வறிக்கை கேட்டால் பெரும்பாலான கடைகளில் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நேபாளத்து 'மேட் ஹனி' என்று ஆண்மைக்கும் தூக்கத்துக்கும் இணையத்தில் விற்கிறார்கள். ரோடோடெண்ட்ரான் பூவின் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு அதில் இருக்கிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் அது இருக்கவே வேண்டாம்.

சர்க்கரை, எடை, சுடுதண்ணீர்

காலையில் வெந்நீர், எலுமிச்சை, தேன் குடித்தால் எடை குறையும் என்பது நம்மூரில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு டேபிள்ஸ்பூன் தேன் 21 கிராம். அதில் 64 கலோரி, 17 கிராம் சர்க்கரை. சர்க்கரை போட்ட காபியை விட்டுவிட்டு இதைக் குடித்தால் லாபம். காபியோடு சேர்த்துக் குடித்தால் நஷ்டம். டொரொண்டோ ஆய்வாளர்கள் 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், சூடுபடுத்தாத, ஒற்றைப் பூத்தேன் சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் கொஞ்சம் குறைந்தது என்றார்கள். மொத்த உணவும் ஆரோக்கியமாக, சர்க்கரை அளவோடு இருந்தவர்களிடம் கிடைத்த பலன் அது, ஆதாரத்தின் உறுதியும் குறைவு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் என்றால் சரி. கூடுதலாகத் தேன் என்றால் அந்த ஆய்வு உங்களுக்குப் பொருந்தாது. இன்சுலின் போடுபவரும் மாத்திரை சாப்பிடுபவரும் தேனைச் சர்க்கரைக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

சூடான தேன் விஷம் என்று பரவும் செய்திக்கு அடிப்படை எச்எம்எஃப் என்ற பொருள். தேனைக் காய்ச்சினாலும், வெக்கையில் நெடுநாள் வைத்தாலும் அது கூடும்; நம் நாட்டு உச்சவரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம். வறுத்த காபித்தூளில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது, யாரும் விஷம் என்று காபியை நிறுத்தவில்லை. வெந்நீரில் கலக்குவதால் கெடுதல் வராது, நொதி மட்டும் செயலிழக்கும். எச்எம்எஃப் உண்மையில் பயன்படுவது வேறு இடத்தில்: தேனை எவ்வளவு காய்ச்சினார்கள், எவ்வளவு பழசு என்று காட்டிக்கொடுக்கும்.

சுத்தமான தேனை எப்படிப் பிடிப்பது

தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியை நனைத்து உரசுவது, கட்டைவிரல் நகத்தில் வைப்பது, நாய்க்கு வைத்துப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது: ஒன்றுக்கும் அர்த்தமில்லை. இவற்றில் சில அளப்பது கெட்டித்தன்மையையும் ஈரத்தையும். கலப்படப் பாகை அதே கெட்டியில்தான் காய்ச்சுகிறார்கள், அதனால் அதுவும் பாஸாகும். ஈரம் கூடிய நல்ல மலைத்தேன் இவற்றில் தோற்றுப்போகும்.

ஆய்வகத்தையே ஏமாற்றிய கதை இது. கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை ஒன்று. தேனீ போகும் பெரும்பாலான பூச்செடிகளின் முறை வேறு. கரும்புப் பாகு கலந்தால் கரிமத்தின் ஐசோடோப் விகிதம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும், அதற்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்த வரம்பு 7 சதவீதம். உடனே கலப்படக்காரர்கள் அரிசிப் பாகுக்கு மாறினார்கள். நெல்லின் முறையும் அந்தப் பூச்செடிகளின் முறையேதான், சோதனையில் அகப்படாது. அதன்பின் அதற்கும் தனிச் சோதனை வந்தது, அதையும் தாண்டும் பாகு வந்தது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சிஎஸ்இ) என்ற அமைப்பு 2020 டிசம்பரில் 13 பிராண்டுகளைப் பரிசோதித்து வெளியிட்டபோது, இந்தியச் சோதனைகளில் பாஸான பல பிராண்டுகள் ஜெர்மனி ஆய்வகத்தில், தேனின் வேதி அமைப்பை மொத்தமாகக் காட்டும் என்எம்ஆர் சோதனையில் தோற்றன. எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். நிறுவனங்கள் அதை மறுத்தன.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது ஆய்வறிக்கை. எந்த பேட்ச்சுக்கு உரியது, என்ன தேதி என்று பார்த்துவிட்டு, ஈரம் 20 சதவீதத்துக்குள், சுக்ரோஸ் 5-க்குள், எச்எம்எஃப் 80-க்குக் கீழே (நாற்பதுக்குள் இருந்தால் மேல்), என்எம்ஆர் செய்திருக்கிறார்களா என்று வரிசையாகப் பாருங்கள். பாட்டிலில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் கட்டாயம். மருந்து என்ற பேருக்குக் கொடுக்க இருந்த கூடுதல் காசை இப்படி அறிக்கை காட்டும் விற்பனையாளருக்குக் கொடுப்பது நியாயம்.

நேரடியாக வளர்ப்பவரிடம் வாங்குவதும் நல்ல வழிதான். எந்த மாதம் எடுத்தது, எந்தத் தேனீ, அடையில் முக்கால் பங்காவது மெழுகு மூடிய பிறகு எடுத்தாரா என்று கேளுங்கள். மூடாத அறையில் இருப்பது பழுக்காத தேன், ஈரம் அதிகம். அவரிடம் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவி இருந்தால் ஒரு சொட்டு வைத்து, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக் கோட்டைப் படிக்கச் சொல்லுங்கள். 18-க்குக் கீழே வந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும், 20 வரை வந்தாலும் நல்லதுதான். 21, 22 வந்தால் தப்பில்லை, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

உறைந்த தேன் சர்க்கரை கலந்தது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். பாவம், கன்னியாகுமரி மாவட்டத் தேனீக்காரர்கள் இதனால் படும் பாடு! அங்கே பெரிய அறுவடை ரப்பர்த் தோட்டங்களில்தான். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பியில் இனிப்பு நீர் கசியும். பூவே இல்லாத தேன் அது. குளுக்கோஸ் அதிகம் என்பதால் சீக்கிரமே வெண்ணெய்போல உறையும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனும் அந்த வட்டாரத்துத் தேன்தான். உறைந்தால் பாட்டிலை 40, 45 டிகிரி வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், நிற்கவைத்தால் இளகும். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்

பிறந்ததும் சேனை தொட்டு வைப்பது, உரைமருந்தைத் தேனில் உரசிக் கொடுப்பது, அழாமலிருக்கச் சூப்பானைத் தேனில் தோய்ப்பது மூன்றும் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஒரு வயது முடியும்வரை சொட்டுத் தேன்கூடக் கூடாது. தேனிலிருக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். மலச்சிக்கலில் தொடங்கும், பிறகு பால் உறிஞ்சும் வலு குறையும், அழுகை ஈனமாகும், தலை நிற்காது, மூச்சுத் தசையும் தளரும். இந்த வித்து கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது, 121 டிகிரி அழுத்தச் சூடு வேண்டும், ஆகவே காய்ச்சிக் கொடுப்பதும் பயனில்லை. ஆர்கானிக், காட்டுத்தேன், மானுக்கா எதற்கும் விலக்கு கிடையாது.

வாங்கிய தேனைக் கண்ணாடிப் பாட்டிலில், இறுக்க மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரக் கரண்டி பட்டால் மேல்பகுதி நீர்த்துப் புளிக்கத் தொடங்கும். வீட்டிலேயே பூண்டு, இஞ்சி, நெல்லிக்காய் ஊறப்போடுபவர்களுக்கும் இதுதான் சிக்கல்: அவற்றின் சாறு இறங்கித் தேன் நீர்த்துவிடுகிறது. சின்னப் பாட்டிலில், கொஞ்சமாக, ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு வாரத்தில் தீர்ப்பது மேல். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று வந்தால், நுரை நின்றால், புளித்த கள் வாடை அடித்தால் ஈஸ்ட் வேலை தொடங்கிவிட்டது. கொசுத்தேனில் லேசான புளிப்பு இயல்பு, மற்றத் தேனில் அப்படியிருந்தால் கொட்டிவிடலாம்.